வெள்ளை வாசல்

மருதங்கரை ஏரியில் கீரி, நீர்நாய், பெருச்சாளி, காட்டுப்பூனை, நண்டு என்று பல ஜீவன்கள் கரையிலேயே வளை தோண்டிக் குடியிருந்தன. அத்தனை பேருக்கும் ஒரே முதலாளி கூழைக்கடாப் பறவைக் கூட்டம்தான்.

வருஷா வருஷம் மழை முடிந்ததும் இரண்டாயிரம் கூழைக்கடாக்கள் வந்து இறங்கும். கரையில் நின்ற பன்னிரண்டு மருதமரங்களிலும் கூடு கட்டும். சுள்ளி பொறுக்கி வந்து கொடுப்பது பெருச்சாளிகளின் வேலை. பாம்பு ஏறாமல் மரத்தடியில் காவல் நிற்பது கீரிகளின் வேலை. கீரிக்கு முட்டைமேல் ஆசை வராதா என்று கேட்காதீர்கள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் வேலைக்கு வைத்திருந்தார்கள்! கூலி, வேளைக்கு ஒரு மீன். யாரும் பட்டினி கிடந்ததில்லை.

மரத்துக்கு நேர் கீழே, கரையின் வெளிச்சரிவில் இருந்த வளைகள் முதல் வரிசை. குஞ்சுகளின் வாயிலிருந்து நழுவும் மீன் அந்த வாசல்களில்தான் விழும். மீன் விழும் இடத்தில் எச்சமும் விழும் அல்லவா? அதனால் யார் வாசல் அதிக வெள்ளையோ, அவர் வளைக்கு அதிக மதிப்பு. பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வாசலைத்தான் பார்த்தார்கள்.

வரியும் அந்த வெள்ளையை வைத்துத்தான். மழைக்கு முன், புரட்டாசி மாதத்தில், கரையைப் பலப்படுத்த எல்லோரும் மண் சுமக்க வேண்டும். வாசல் முழுக்க வெள்ளை என்றால் நூறு வாய் மண். பாதி வெள்ளை என்றால் ஐம்பது. புள்ளி புள்ளியாக இருந்தால் ஒன்று. வெள்ளையே இல்லாத வாசலுக்கு வரி இல்லை. அப்படி ஒரு வாசல் அந்த ஏரியில் இருந்ததே இல்லை என்பதால், அந்தக் கடைசி விதியைப் பற்றி யாரும் யோசித்ததும் இல்லை.

செம்பி என்ற கீரிக்கு முதல் வரிசையில் ஒரு வளை வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கூலி மீனில் பாதியைக் காயவைத்துச் சேர்த்தது. அதைக் கொடுத்து ஒரு நீர்நாயின் வளையை வாங்கியது. வாங்கிக் கொடுத்தவர் தரகர் மினுக்கன். மினுக்கன் ஒரு மரநாய்.

"வெள்ளையைப் பாரும்மா! கண்ணு கூசுது! இன்னும் ரெண்டு வருஷத்துல இதோட மதிப்பு எங்கேயோ போயிடும்!" என்றது மினுக்கன்.

எங்கேயோ போய்த்தான் விட்டது.

மறு வருஷம் அறுநூறு கூழைக்கடாக்கள்தான் வந்தன. அதற்கடுத்த வருஷம் முப்பத்து மூன்று. வடக்கே புதிதாக ஒரு பெரிய நீர்த்தேக்கம் வந்திருக்கிறதாம், அங்கே மீன் புரளுகிறதாம். அந்த முப்பத்து மூன்றும் மாசி மாதமே கிளம்பிவிட்டன. போய் வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வளையை விற்ற நீர்நாயும் பின்னாலேயே நீந்திப் போய்விட்டது.

கூடுகள் மட்டும் மரத்தில் அப்படியே இருந்தன. பெருச்சாளிகள் மரத்தடியில் சுள்ளி கொண்டுவந்து அடுக்கிக்கொண்டே இருந்தன. கீரிகள் வெறும் மரத்துக்குக் காவல் நின்றன. முதலாளிகள் திரும்பி வரும்போது ஆள் இல்லை என்றால் வேலை போய்விடுமே! கூலியே இல்லாத வேலை போனால் என்ன, இருந்தால் என்ன என்று கேட்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

செம்பிக்கு மூன்று குட்டிகள். மீன் இல்லாமல் போனதால் தினமும் இரண்டு காடு தாண்டிப் போய்த் தவளையும் வெட்டுக்கிளியும் தேடி வந்தது. வளையை விற்றுவிட்டு வேறு பக்கம் போகலாம் என்று மினுக்கனிடம் கேட்டது.

"இப்ப அதை யாரு வாங்குவா?" என்று மினுக்கன் கொட்டாவி விட்டது. "ரெண்டு மீன் தலை கிடைச்சா கும்பிட்டு வாங்கிக்கோ!"

"கண்ணு கூசுதுன்னு சொன்னீங்களே!"

"அப்போ கூசிச்சும்மா!"

புரட்டாசி பிறந்தது. வரி அளக்கும் உடும்பு வாசலில் வந்து நின்றது. அதற்குக் கண்டிப்பான அதிகாரி என்று பேர். அது பிடித்தால் உடும்புப் பிடிதான்.

"இன்னும் அஞ்சு நாள்ல அளவு. உன் வாசல் முழு வெள்ளை. நூறு வாய் மண்ணுக்குத் தயாரா இரு!"

செம்பி மனசுக்குள் கணக்குப் போட்டது. தூரத்திலிருந்து நூறு வாய் மண் சுமக்க எட்டு நாள் ஆகும். எட்டு நாள் இரை தேடப் போகாவிட்டால் குட்டிகள் என்ன ஆகும்?

"ஐயா, இந்த வீட்டை வித்தா ரெண்டு மீன் தலைகூடத் தேறாது. இதுக்கா நூறு வாய்?"

"வாசல் வெள்ளையா இருக்கா, இல்லையா?"

"அது பழைய வெள்ளை ஐயா! புதுசா ஒரு சொட்டு விழுந்து ஏழு மாசம் ஆச்சு!"

"அளவுல பழசு புதுசு கிடையாது."

"பாதியாக் குறைச்சுக்குங்க. ஐம்பது வாய் மண் நான் கண்டிப்பாத் தர்றேன். நாலு நாள் எப்படியாவது சமாளிச்சுக்குவேன்."

உடும்பு தலையை ஆட்டியது. "உனக்குக் குறைச்சா எல்லாருக்கும் குறைக்கணும். அப்புறம் கரையை யாரு கட்டுவா? நூறுன்னா நூறுதான்!"

அது சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கரையில் ஏற்கெனவே இரண்டு இடம் பலவீனமாக இருந்தது. ஆனால் ஐம்பது கொடுக்க முடிந்தவரிடம் நூறு கேட்டால், நூறு வந்துவிடுமா என்ன?

அன்று மதியமே மினுக்கன் எல்லோரையும் மருதமரத்தடியில் கூட்டியது. அதற்கும் அவசரம் இருந்தது. நல்ல விலைக்கு விற்கலாம் என்று முதல் வரிசையில் ஐந்து வளைகளை வாங்கிப் போட்டிருந்தது. ஐந்து வளைக்கு ஐந்நூறு வாய் மண்! மினுக்கன் தன் வாழ்நாளில் ஒரு வாய் மண் சுமந்ததில்லை. போன வருஷம்வரை மீன் கொடுத்து ஆள் வைத்துத்தான் சுமக்கவைத்தது.

"வெள்ளை இருந்தாத்தானே வரி?" என்றது மினுக்கன். "வெள்ளையே இல்லேன்னா?"

கூட்டம் வாயைப் பிளந்தது.

"சுரண்டுங்கப்பா! உங்க வாசல், உங்க நகம்! யாரு கேக்கிறது?"

உடும்பு தினமும் உச்சி வெயிலில் பாறைமேல் படுத்துக் கண்ணை மூடும். அந்த நேரம் பார்த்துக் கரை முழுவதும் 'கரக் கரக்' என்று சத்தம் கேட்டது. பல வருஷத்து எச்சம் காய்ந்து கல்போல இறுகிக் கிடந்தது. பெயர்த்துப் பெயர்த்துத் தள்ளினார்கள். எச்சம் விழுந்த இடத்தில் புல் செழித்துத் தரையோடு தரையாகப் பின்னிக் கிடந்தது. பச்சையைப் பார்த்தாலே உடும்பு கண்டுபிடித்துவிடும் என்று அதையும் வேரோடு பிடுங்கினார்கள். காட்டுப்பூனை இன்னும் ஒரு படி மேலே போய், வீடு பாழடைந்த மாதிரி தெரியட்டும் என்று வாசலையே இடித்துப் பெரிதாக்கியது. அதைப் பார்த்துப் பக்கத்து வளைக்காரர்களும் இடித்தார்கள். வெள்ளை வேண்டும் என்று ஒரு காலத்தில் அடித்துக்கொண்டவர்கள் இவர்களேதான்!

செம்பியும் சுரண்டியது.

மூன்றாவது வரிசையில், தண்ணீர்ப் பக்கம், வட்டன் என்ற நண்டு குடியிருந்தது. அதன் வாசலில் இருந்தது இரண்டே புள்ளி. அது பக்கவாட்டில் ஓடி வந்தது.

"செம்பியக்கா! நிறுத்துங்க! நீங்க சுரண்டுறது வாசல் இல்ல, கரை!"

"என் வீட்டு வாசல்தானே?"

"அந்தப் புல்லும் காய்ஞ்ச எச்ச ஓடும்தான் மண்ணைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. என் வளைச் சுவரு நேத்துல இருந்து ஈரமா இருக்குக்கா. உங்க வளைக்கும் என் வளைக்கும் நடுவுல ரெண்டு முழம் மண்ணுதான்!"

செம்பி திரும்பிப் பார்த்தது. வளைக்குள் மூன்று குட்டிகளும் சுருண்டு கிடந்தன. விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"ஒனக்கு ஒரு பிடி வரி. பேசுவே!" என்றது செம்பி. நண்டு சொன்னது உண்மை என்று அதற்குத் தெரியும். தெரிந்துதான் சுரண்டியது.

ஐந்தாம் நாள் உடும்பு அளக்க வந்தது. எல்லோரும் தங்கள் தங்கள் வாசலில் தயாராக நின்றார்கள்.

"ஐயா, இது வளையா? வெறும் பொந்து!" என்றது பெருச்சாளி.

"என்னோடது அதைவிட மோசம்! ராத்திரியெல்லாம் மண்ணு தலையில கொட்டுது!" என்றது காட்டுப்பூனை.

"என்னோட அஞ்சையும் பாருங்க! சும்மா கொடுத்தாக்கூட ஒருத்தன் வாங்க மாட்டான்!" என்றது மினுக்கன். விற்கும்போது அரண்மனை என்று சொன்ன வாய்தான் அது.

செம்பி வெறுமையான வாசலைக் காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டது.

உடும்பு ஒவ்வொரு வாசலாக முகர்ந்து பார்த்தது. சுரண்டின தடம் அதன் கண்ணில் படாமல் இல்லை. ஆனால் அளவு வெள்ளையில்தான். வெள்ளை இல்லை. வெள்ளை இல்லாவிட்டால் வரி இல்லை. விதியை மாற்ற மாட்டேன் என்று ஐந்து நாளுக்கு முன்னால் சொன்ன வாயால் இப்போது எப்படி மாற்றும்?

"சைபர்... சைபர்... சைபர்..." என்று சொல்லிக்கொண்டே போனது.

மூன்றாவது வரிசை நண்டுகள் ஒன்பதும் ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவந்து போட்டன. நாலாயிரம் வாய் மண் விழுந்த கரையில் அந்த வருஷம் விழுந்தது ஒன்பது பிடி. மினுக்கன் கிளையில் ஏறி நின்று ஆட்டம் போட்டது. உடும்பு கரைமேல் நின்று வானத்தைப் பார்த்தது. வடகிழக்கில் கறுத்திருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. ஏரி நிரம்பித் தளும்பியது. ஐந்தாம் நாள் காலையில் நண்டு வட்டன் கத்திக்கொண்டே ஓடி வந்தது.

"கலங்கல் வருது! செம்பியக்கா, உங்க வளையில கலங்கல் தண்ணி வருது! குட்டிகளைத் தூக்குங்க!"

தெளிந்த நீர் கசிந்தால் பயமில்லை. கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். செம்பி வளைக்குள் பாய்ந்தது. பின்சுவரிலிருந்து விரல் பருமனுக்குத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வி மேலே கொண்டுபோய் வைத்தது. மூன்றாவது குட்டியைத் தூக்கும்போது அந்தத் தண்ணீர் கை பருமன் ஆகியிருந்தது. வெளிச்சரிவில், புல் பிடுங்கின இடமெல்லாம், மண் பாளம் பாளமாக வழுக்கி இறங்கியது.

உடும்பு ஓடி வந்தது. "மண் போடுங்க! எல்லாரும் மண் போடுங்க!"

"நான் ஏன் போடணும்? என் வாசல் சைபர்!" என்றது காட்டுப்பூனை.

"அளவு போட்டது நீங்கதானே! யாருக்கும் ஒரு வாய்கூட இல்லேன்னு சொன்னீங்களே!" என்றது பெருச்சாளி.

உடும்பின் அளவுப்படி அன்று அந்தக் கரைக்கு மண் போடக் கடமைப்பட்டவர் ஒருவருமே இல்லை!

"அளவு கெடக்கட்டும்!" என்று செம்பி அலறியது. "கீழே பாருங்க! கரை போனா உங்க வளை எங்கே இருக்கும்? வாங்க!"

முதல் வாய் மண்ணைச் செம்பியே கொண்டுபோய்த் தன் வளைக்குள் போட்டது. அப்புறம்தான் மற்றவர்களுக்கு உடம்பு அசைந்தது. ஆளாளுக்கு மண் அள்ளி வந்தார்கள். போட்ட மண்ணைத் தண்ணீர் அடுத்த நொடியே அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட்டார்கள். மறுபடி போனது.

"மண்ணு மட்டும் நிக்காது!" என்று நண்டு கத்தியது. "சுள்ளி வேணும்! சுள்ளியை வச்சு அது மேல மண்ணு போடணும்!"

எல்லோரும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்தினார்கள். மரத்தடியில் சுள்ளி அடுக்கி வைத்திருந்தது. மரத்தின் மேல் ஆயிரம் கூடு, அத்தனையும் சுள்ளி.

"தொடாதீங்க!" கிளையிலிருந்து மினுக்கன் கூவியது. "அது முதலாளிங்க சொத்து! நாளைக்கே திரும்பி வந்து கூடு எங்கேன்னு கேட்டா யாரு பதில் சொல்றது? கூடு இருந்தாத்தான் அவங்க வருவாங்க. அவங்க வந்தாத்தான் நம்ம வீட்டுக்கு மதிப்பு!"

பெருச்சாளிகளின் கால் பின்வாங்கியது. மழை கொட்டிக்கொண்டே இருந்தது.

செம்பி மேலே பார்த்தது. "வரமாட்டாங்க மினுக்கா!" என்றது. "அவங்க போயிட்டாங்க."

எட்டு மாதமாக எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். கிழட்டுப் பெருச்சாளி ஒன்று கேவிக் கேவி அழுதது. அழுதுகொண்டே, தான் அடுக்கி வைத்த சுள்ளியில் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. காட்டுப்பூனை மரத்தில் தாவி ஏறிக் கூடுகளைப் பிய்த்துத் தள்ளியது.

"ஐயோ! ஐயோ!" என்று மினுக்கன் மார்பில் அடித்துக்கொண்டது. அப்போது கீழே அதன் ஐந்து வளைகளில் ஒன்று 'தொபுக்' என்று உள்வாங்கியது. மினுக்கன் அலறலை நிறுத்தியது. அடுத்த நொடி, காட்டுப்பூனையைவிட வேகமாகக் கூடுகளைத் தள்ள ஆரம்பித்தது!

சுள்ளியைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகினார்கள். அதன்மேல் மண். அதன்மேல் சுள்ளி. மறுபடி மண். உடும்பு தன் நீண்ட உடம்பைத் தண்ணீரின் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டது. அதை ஒட்டி மற்றவர்கள் மண்ணை அமுக்கினார்கள். செம்பியின் வளை பாதி அடைபட்டது. குட்டிகளுக்காகப் போட்டிருந்த காய்ந்த புல் படுக்கை மண்ணுக்குள் போனது.

"அம்மா! நம்ம வீடு!" என்று மேலே இருந்து ஒரு குட்டி கத்தியது.

இரண்டு வருஷம் பாதி வயிற்றோடு கிடந்து வாங்கிய வீடு அது. "வேற தோண்டிக்கலாம்டா. நீ தள்ளி நில்லு!" என்று சொல்லிவிட்டு, செம்பி கடைசி இடைவெளியில் ஒரு வாய் மண்ணை வைத்து மூக்காலேயே அமுக்கியது.

தண்ணீர் நின்றது. ஆனால் அதற்குள் பக்கத்து வளையில் கசிந்தது. அதையும் அடைத்தார்கள். அதற்கடுத்ததையும். மாலைக்குள் முதல் வரிசை முழுவதையும் தாங்களே மூடினார்கள். ஒரு காலத்தில் ஏரியிலேயே அதிக மதிப்புள்ள வளைகள் அவை. மழை தூறலாகக் குறைந்தபோது கரை நின்றிருந்தது. பன்னிரண்டு மரத்திலும் ஒரு கூடு இல்லை.

மறுநாள் செம்பி மேட்டுப் பக்கம் புது வளை தோண்டிக்கொண்டிருந்தது. உடும்பு நொண்டிக்கொண்டே வந்தது. வயிறு முழுக்கச் சிராய்ப்பு.

"அன்னிக்கு நீ ஐம்பது தர்றேன்னு சொன்னே," என்றது.

"சொன்னேன்."

"வாங்கியிருக்கலாம்."

செம்பி தோண்டுவதை நிறுத்தியது. "நானும் சுரண்டாம இருந்திருக்கலாம் ஐயா."

அதன்பின், அரித்த கரையைச் சரிசெய்ய மண் கேட்டபோதே உடும்பு அளவை மாற்றியது. வாசலைப் பார்ப்பதில்லை, அந்த வருஷம் அவரவருக்கு எவ்வளவு இரை கிடைத்தது என்று கேட்டுத்தான் மண் அளவு சொல்லியது. கிடைத்தவர் அதிகம் சுமந்தார். கிடைக்காதவர் குறைவாகச் சுமந்தார். ஒன்றும் சுமக்காமல் இருந்தவர் யாரும் இல்லை, மினுக்கன் உள்பட.

மழை விட்டு ஒரு மாதம் கழித்து, வழி தவறிய ஒற்றைக் கூழைக்கடா ஏரிமேல் பறந்து போனது. இறங்கவில்லை. போகிற போக்கில் ஒரு சொட்டு எச்சத்தைக் கரைமேல் போட்டுவிட்டுப் போனது. அது செம்பியின் பழைய வளை இருந்த இடம்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா! வெள்ளை விழுந்துடுச்சு! இனிமே மதிப்பு ஏறும்!" என்று மினுக்கன் துள்ளிக் குதித்துக்கொண்டு ஓடி வந்தது.

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. செம்பி அன்றைக்குரிய மண்ணை வாயில் கவ்விக்கொண்டு வந்து, அந்த வெள்ளைப் புள்ளியின்மேலேயே போட்டு அமுக்கிவிட்டுப் போனது.

நேற்றைய மதிப்புக்கு இன்று வரி கேட்கிறவரும், அந்த வரிக்குப் பயந்து தன் வீட்டைத் தானே பாழாக்குகிறவரும் சேர்ந்து உடைப்பது, இருவரும் நிற்கும் ஒரே கரையைத்தான்.